ஐநூறு வாட்ஸ்னு எழுதியிருக்கு

தாங்கும் சார். தாராளமாத் தாங்கும். மடியில அட்டைப் பெட்டிய வச்சுக்கிட்டு யார்கிட்டயோ போன்ல கேட்டுக்கிட்டு வந்தீங்களே, “பழைய எஸ்.எம்.பி.எஸ். இந்த கிராபிக்ஸ் கார்டைத் தாங்குமா, இல்ல அதையும் மாத்தணுமா”ன்னு, அதுக்குத்தான் சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க, ஒட்டுக் கேக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன், காது இருக்கு, விழுந்துச்சு. கடைக்காரன் மாத்தச் சொல்லியிருப்பானே? சொன்னானா? பாத்தீங்களா. கார்டை வித்தவன் டப்பாவையும் விக்கணுமில்ல. கரண்டை வாங்கி கம்ப்யூட்டருக்குள்ள பிரிச்சு விடுற ஒரு தகர டப்பா. அதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்.

எனக்குத் தெரியாததா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல வந்து சௌந்தர் டிஜிட்டல்னு கேட்டுப் பாருங்க. கல்யாண வீடியோ. நானும் இதே மாதிரி கார்டுதான் வாங்கினேன். டப்பா பழசுதான். மாத்தல. என்ன ஆச்சா? என்னமோ ஆச்சு. ஆனா அது டப்பாவால ஆகல சார், மனுசங்களால ஆச்சு. பஸ்ஸு இப்பத்தான் திருமங்கலம் தாண்டுது, சொல்றேன் கேளுங்க. அந்த ஜன்னலக் கொஞ்சம் தள்ளி விடுங்க. முன்சீட்டு அம்மா பையில கருவாடு கொண்டு போகுது போல, குமட்டுது.

இந்தத் தொழிலே எனக்கு வெறுத்துப் போச்சு. இப்ப கேக்குறதெல்லாம் சினிமா. பொண்ணு வயக்காட்டுல ஓடணும், மாப்பிள்ளை பின்னாடி ஓடணும், மேல டிரோன் பறக்கணும். கால்ல சகதி, பட்டுச்சேலையில சகதி, அதை மெதுவா வேற ஓட்டிக் காட்டணும். பாக்கச் சகிக்கல. ஆனா கேட்டதைக் குடுக்கலேன்னா அடுத்த தெருக்காரன்கிட்டப் போயிருவாய்ங்க. என்கிட்ட இருந்த கம்ப்யூட்டர் இந்தக் காலத்து வீடியோவைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதனாலதான் கார்டு வாங்கினேன். தவணையில. வாங்கி, காலிப் பெட்டிய கண்ணாடி அலமாரியில சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சேன். வர்றவன் பாக்கணுமில்ல?

எடிட்டிங்குக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, பிரிசில்லான்னு. கல்யாணமாகி ஒரு பிள்ளை, புருசன் லோடு வண்டி ஓட்டுறான். வேலை தெரிஞ்ச பொண்ணுதான், அதை இல்லேங்கல. ஆனா வாய். கார்டைப் பிரிச்ச அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு.

“அண்ணே, கார்டு நல்ல கார்டு. ஆனா இந்த எஸ்.எம்.பி.எஸ். தாங்காது.”

“ஏன் தாங்காது? கார்டுப் பெட்டியில என்ன போட்டிருக்கு? ஐநூறு வாட்ஸ் வேணும்னு. டப்பாவுல என்ன போட்டிருக்கு? ஐநூறு வாட்ஸ். ஐநூறுக்கு ஐநூறு சரியாப் போச்சா?”

“இது கம்ப்யூட்டர் கேபினெட்டோட சும்மா குடுத்ததுண்ணே. கழட்டித் தூக்கிப் பாருங்க, அப்பளக் கட்டு மாதிரி இருக்கும். கார்டுக்குன்னு தனியா வர்ற வயரே இதுல இல்ல. ஸ்டிக்கர்ல எழுதிட்டா உள்ள இருக்குன்னு அர்த்தமா?”

“உன் சர்ட்டிபிகேட்ல கூடத்தான் பர்ஸ்ட் கிளாஸ்னு எழுதியிருக்கு. உள்ள இருக்கான்னு நான் பிரிச்சா பாத்தேன்?”

நல்லாருக்குல்ல? டீ கொண்டு வந்தவன் சிரிச்சான். நான் சிரிச்சேன். அது சிரிக்கல. படிச்ச திமிரு சார், ஒரு வேடிக்கைப் பேச்சுக்குக் கூட சிரிக்காது.

வயர் இல்லேன்னா என்ன? மாத்து வயர் பஜார்ல கிடைக்குது. ஹார்ட் டிஸ்குக்குப் போற லைன்ல இருந்தே கார்டுக்கும் இழுத்துக் குடுக்கலாம். நானே மாட்டினேன். சுவிட்சப் போட்டேன். கார்டுல ரெண்டு காத்தாடியும் ஜம்முனு சுத்துச்சு. “என்னமோ தாங்காதுன்ன?”னு கேட்டேன். “சும்மா ஓடும்போது தெரியாதுண்ணே, சுமை ஏறும்போதுதான் தெரியும்”ங்குது. வாயிலயே நல்ல வார்த்தை வராது. அந்த வாரம்தான் கடை வாசல்ல கலர் மாறுற எல்.இ.டி. போர்டு வச்சேன். “போர்டுக்குக் குடுத்ததுல பாதி கூட வேண்டாம்ண்ணே, நல்ல டப்பாவா வாங்கிறலாம்”ன்னு அதையும் சொல்லிக் காமிச்சுச்சு. டப்பா மேசைக்கு அடியில கிடக்குது. அதை எவன் பாக்கப் போறான்? போர்டை ஊரே பாக்குது.

இப்படி இருக்கையிலதான் அந்தக் கல்யாணம் வந்துச்சு. வைரமணின்னு ஒரு பையன், குவைத்துல டிரைவரா இருக்கான். அப்பா அம்மா கிடையாது, தங்கச்சிய இவன்தான் வளத்தானாம். காளீஸ்வரின்னு பேரு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சு மண்டபமும் பேசினப்புறம் அங்க அவன் முதலாளி லீவு தரமாட்டேன்னுட்டான். இங்க மாப்பிள்ளை வீட்டுல நாளைத் தள்ள மாட்டேன்னுட்டாய்ங்க. தாய்மாமன் நின்னு நடத்தி வச்சாரு. வைரமணி வரல. அவனுக்குத்தான் வீடியோ.

அவன் கதை பாவந்தான், நானும் மனுசன்தான். ஆனா அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்கே! காலையில கடையத் திறக்குறேன், டிங்குன்னு விழும். “சௌந்தர் அண்ணே, எடிட்டிங் எந்த அளவுல இருக்குண்ணே? அவசரம் ஒண்ணுமில்லண்ணே, சும்மா கேட்டேன்.” அவசரமில்லேன்னு தினம் சொல்றவனுக்கு எம்புட்டு அவசரம் இருக்கும்? அப்புறம் இன்னொண்ணு வரும். “அண்ணே, எதையும் வெட்டிராதீங்கண்ணே. பந்தி கூட இருக்கட்டும். யாரு யாரு வந்து சாப்பிட்டாங்கன்னு நான் பாக்கணும்.”

பந்தி! சார், பந்தி எடுத்திருக்கீங்களா நீங்க? நான் எடுத்திருக்கேன், வருசக்கணக்கா எடுத்திருக்கேன். ஒவ்வொரு வாயா. ரசம் முழங்கை வரைக்கும் ஓடும், அதை நக்குவாய்ங்க. பாயாசத்துல அப்பளத்த நொறுக்கிப் போட்டுப் பிசைவாய்ங்க. கேமராவைக் கண்டதும் வாய் நிறையச் சோத்தை வச்சுக்கிட்டு சிரிப்பாய்ங்க. அந்தச் சிரிப்பு எனக்கு ராத்திரி கனவுல வருது. என் வீட்டுல நான் சுவரைப் பாத்து உக்காந்துதான் சாப்பிடுறேன், நம்புவீங்களா? அந்தக் கருமத்தை ஒருத்தன் முழுசாப் பாக்கணுங்குறான்.

சரி, பாத்துத் தொலையட்டும்னு வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். எடிட்டிங்ல கடைசி வேலை ரெண்டர். எல்லாத்தையும் சேத்து ஒரே படமா கம்ப்யூட்டர் சமைச்சு எடுக்கணும், நடுவுல அணைஞ்சா அம்புட்டும் வீண். இந்தப் பொண்ணு ரெண்டர் போடும். பாதி தாண்டும். பொசுக்குன்னு கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப முதல்ல இருந்து எந்திரிக்கும். திரும்பப் போடும். திரும்ப அணையும்.

“அண்ணே, சுமை ஏறும்போது டப்பா கையை விரிக்குது. நான் அன்னைக்கே சொன்னேன்.”

“எனக்கு ஆடத் தெரியும், கூடந்தான் கோணல்ங்குற மாதிரி பேசாத. உனக்குப் போடத் தெரியல.”

சொன்னேன். சொல்லத்தான் செஞ்சேன். வேற என்ன சொல்ல? ஈ.பி.காரன்தான் காரணமோன்னு ஒரு நாள் அவங்க ஆபீசுல போய்ச் சண்டை போட்டேன். லைன்மேன் வந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டு வோல்டேஜ் சரியா இருக்குன்னு சொல்லிட்டு டீக்குக் காசு கேட்டான். த்தூ. அப்புறம் மேசை வாசலைப் பாத்து இருக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னார், மேசைய மாத்தினோம். எலுமிச்சம்பழம் கட்டினோம். அது பாட்டுக்கு அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பொண்ணு கேபினெட் மூடியைக் கழட்டிட்டு டேபிள் பேனைத் திருப்பி வச்சுது. கடைக்கு வர்றவன் என்ன நினைப்பான்? ஆஸ்பத்திரியில வயித்தைத் திறந்து போட்ட மாதிரி வயரும் தூசியுமா தொங்குது. எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே அருவருப்பா இருக்கும்.

“ஒரு வெளி டிஸ்காவது வாங்குங்கண்ணே. காளீஸ்வரி கல்யாணத்துக்கு வேற காப்பியே இல்ல. மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழிச்சிட்டீங்க. டிஸ்கும் அதே லைன்லதான் தொங்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த அண்ணனுக்கு என்ன சொல்லுவீங்க?”

மெமரி கார்டை அழிக்கிறது வழக்கந்தான் சார், எல்லாரும் செய்யிறதுதான். “ஆகும் ஆகும்னு நீ சொல்லிச் சொல்லித்தான் ஆகுது. வாயக் கழுவு”ன்னேன். கழுவல. அன்னையில இருந்து அதைப் பத்திப் பேசவே இல்ல. நானும் புத்தி வந்திருச்சுன்னு நினைச்சேன். ஏமாளி சார் நான்.

ஒரு மத்தியானம். ராஜபாளையத்துல இருந்து ஒரு பெரிய பார்ட்டி வந்து சோபாவுல உக்காந்திருக்கு. அம்மா, அப்பா, பொண்ணு. நல்ல இடம். நான் ஆல்பத்தைப் புரட்டிக் காமிச்சுக்கிட்டு இருக்கேன். “சார், நம்மகிட்ட எல்லாம் லேட்டஸ்ட் மிசின்தான்”னு கையைக் காட்டுறேன். டொப்புன்னு ஒரு சத்தம். தீபாவளி வெடிச் சத்தம் தோத்துப் போகும். மேசைக்கு அடியில இருந்து நீலமா ஒரு வெளிச்சம். அப்புறம் அந்த நாத்தம்.

அந்த நாத்தத்தை எப்படிச் சொல்ல? அழுகின மீனை பிளாஸ்டிக் கவர்ல கட்டி நெருப்புல போட்டா எப்படி இருக்கும்? தொண்டைக்குள்ள போய் ஒட்டிக்கிச்சு. சட்டையில, திரைச்சீலையில, சோபாவுல, எல்லாத்துலயும். ராஜபாளையத்தம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது. அவங்க ஓடுறதுக்கு முன்னாடியே நான் வெளிய வந்துட்டேன். ஆளைக் கூப்பிடத்தான் சார். உதவிக்கு. ஒரு பொறுப்பு இருக்குல்ல?

உள்ள அந்தப் பொண்ணு மட்டும் நின்னுச்சு. மெயினை அணைச்சிட்டு, திரைச்சீலை பக்கம் தீ ஏறாம இருக்க வயரைப் பிடுங்கி இழுத்திருக்கு. விரல்ல கொப்புளம். சின்னக் கொப்புளந்தான். பக்கத்து மெடிக்கல்காரர் ஓடி வந்து மருந்து போட்டு, கட்டுப் போட்டு, தெரு முழுக்க வந்து “ஐயோ பாவம்”னு பாத்துட்டுப் போச்சு. நான் வாசல்ல நிக்கிறேன், என் கார்டு போச்சு, என் கம்ப்யூட்டர் போச்சு, என் பார்ட்டி போச்சு. என்னைப் பாத்து ஒருத்தன் ஐயோன்னு சொல்லல.

மெக்கானிக் வந்து பாத்தான். கார்டு செத்துப் போச்சுன்னான். டிஸ்கும் செத்துப் போச்சுன்னான். டப்பாவைப் பிரிச்சுக் காமிச்சான். உள்ள பாதி இடம் காலி சார். கரிஞ்சு போன கரப்பான்பூச்சி ரெண்டு கிடந்துச்சு. அதைக் கண்டதும் எனக்குத் தெளிவாப் புரிஞ்சு போச்சு, கரப்பான்பூச்சிதான் காரணம். மேசையில உக்காந்து டிபன் சாப்பிட்டது யாரு? அந்தப் பொண்ணு. சோத்துப் பருக்கை சிந்தினா கரப்பான் வராம என்ன செய்யும்? மெக்கானிக் என்னையே ஒரு மாதிரி பாத்தான். அவனும் அந்தப் பொண்ணு போற சர்ச்சுக்குப் போறவன்தான்.

அடுத்த நாள் காலையில டிங்குன்னு விழுது. “சௌந்தர் அண்ணே, அவசரமில்லண்ணே.”

ரெண்டு நாள் போனையே எடுக்கல. அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. தொழில்ல இருக்கிறவன் சமயத்துக்கு யோசிக்கணும். பிரிசில்லாவக் கூப்பிட்டு, “வைரமணிக்கு நீயே ஒரு மெசேஜ் போடு. மெமரி கார்டு கம்பெனியில இருந்தே பழுது, அதனால எதுவும் பதிவாகலேன்னு சொல்லு. பொம்பளை சொன்னா அவன் கோபப்பட மாட்டான்”னேன்.

“பொய்யாண்ணே சொல்லச் சொல்றீங்க?”

“பொய்யென்ன பொய்? படம் இல்லேங்கிறது உண்மைதானே?”

விரல்ல அவுந்த கட்டை இறுக்கிக் கட்டிக்கிச்சு. அப்புறம் சொல்லுது, “படம் இருக்குண்ணே. என்கிட்ட இருக்கு. நீங்க டிஸ்கு வாங்க மாட்டேன்னதும் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கினேன். காளீஸ்வரி கல்யாணத்தை முழுசாக் காப்பி எடுத்து வச்சிருக்கேன்.”

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. என் கடை. என் கேமரா. நான் கால் கடுக்க நின்னு எடுத்த படம். என்னைக் கேக்காம, என் கம்ப்யூட்டர்ல இருந்து, கைப்பைக்குள்ள போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருக்கு. இதுக்குப் பேரு என்ன? திருட்டுதானே? கூட இருந்தே ஒருத்தி இப்படி ஒரு காரியம் செய்வான்னு நினைச்சாலே எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அன்னைக்கே கொதிச்சுட்டேன். “டிஸ்கை என் மேசையில வை, வச்சிட்டு வெளிய போ”ன்னேன்.

“வெளிய போறேண்ணே. டிஸ்கை அந்த அண்ணனுக்கு வேலை முடிச்சுக் குடுத்துட்டுத் தர்றேன். உங்ககிட்ட இப்பக் குடுத்தா நீங்க மறுபடி அதே மாதிரி டப்பாவுலதான் மாட்டுவீங்க.”

பாத்தீங்களா பேச்சை? அதே மாதிரி டப்பாவைத்தான் மாட்டியிருக்கேன், ஆமா. அதே ஐநூறு வாட்ஸ். எவளோ சொன்னாள்னு நான் மாத்தணுமா? இப்ப கார்டு இல்லாமத்தான் ஓடுது, அதனால ஒண்ணும் ஆகல. அப்ப கோளாறு டப்பாவுல இல்ல, கார்டுலதானே? கணக்கு நேராத்தானே இருக்கு?

அவ வீட்டுல அவ தம்பி படிக்கிறப்ப வச்சிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு. அதுல போட்டு, ஆமை மாதிரி ஓட்டி, துண்டு துண்டா ரெண்டர் எடுத்து, ஒட்டி, முழுக் கல்யாணத்தையும் வைரமணிக்கு அனுப்பிட்டா. நேரா. என்னைத் தாண்டி. வேலைக்குப் பொறப்பட்டுப் போறவன் வண்டிய ஓரமா நிப்பாட்டிப் பாத்தானாம். சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு அழுதானாம். அம்புட்டுத்தான், ஊர் பூரா பிரிசில்லா பேருதான். இப்ப மாதா கோயில் பக்கம் ஒரு சின்ன ரூம் பிடிச்சு உக்காந்திருக்கா. போர்டு கூடக் கிடையாது. என்கிட்ட வர்ற பார்ட்டி பூரா அங்க நிக்குது. ராஜபாளையத்துப் பார்ட்டியும் அங்கதான் போச்சு.

அதுக்குத்தான் இன்னைக்கு மதுரைக்கு வந்தேன், வக்கீலைப் பாக்க. அந்தாளு வடையைத் தின்னுக்கிட்டே கேக்குறான். கை பூரா எண்ணெய். அந்தக் கையோடயே என் பேப்பரைப் புரட்டுறான். எல்லாத்தையும் கேட்டுட்டு, “அந்தப் பொண்ணு காப்பி எடுக்கலேன்னா குவைத்துக்காரன் உங்க மேல கேஸ் போட்டிருப்பான். போய் அந்தப் பொண்ணுக்கு ஒரு நன்றி சொல்லுங்க”ன்னு ஏப்பம் விட்டான். அந்த ஏப்பம் இன்னும் என் மூக்குக்குள்ளதான் இருக்கு சார். நன்றியாம்!

நன்றின்னதும் ஞாபகம் வருது. வைரமணி எனக்கும் அந்த வீடியோவுல ஒரு துண்டு அனுப்பியிருக்கான், “நன்றிண்ணே, எல்லாம் உங்க கேமராதான்”னு. கேலி பண்றானா நிசமாச் சொல்றானா தெரியல. அழிக்கல, சாட்சிக்கு ஆகும்னு வச்சிருக்கேன். இந்தாங்க, நீங்களே பாருங்க. என்கிட்ட இருந்தப்போ பிரிசில்லா எப்படி வேலை பாப்பா, இப்ப என்ன லட்சணத்துல அனுப்பியிருக்கான்னு நீங்களே சொல்லுங்க.

தாலி கட்டுற இடம். என் ஆங்கிள் சார் இது, ஸ்டூல்ல ஏறி நின்னு எடுத்தது. இதுல என்ன தப்புன்னு தெரியுதா? தெரியலையா? பொண்ணைப் பாருங்க. மாப்பிள்ளை தாலியைக் கையில எடுக்குறாரு, மேளம் கொட்டுது, எல்லாரும் அட்சதை போடுறாய்ங்க. பொண்ணு எங்க பாக்குது? கேமராவுக்குள்ள. நேரா கேமராவுக்குள்ள, இமை கொட்டாம. நான் கத்துறது கேக்கும், சத்தத்தைக் கூட்டுங்க. “இங்க பாக்காதம்மா, மாப்பிள்ளையப் பாரும்மா!” கேட்டுச்சா? அது என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா? “இல்லண்ணே, எங்க அண்ணனப் பாக்குறேன்.”

இதெல்லாம் வெட்டணும் சார். கேமராவைப் பாத்தா அந்த ஷாட்டைத் தூக்கணும், அதுதான் தொழில். படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். ஒண்ணைக் கூட வெட்டல அவ. இன்னும் பாருங்க, இப்ப பந்தி வரும். பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காந்திருக்காங்களா? பொண்ணு தன் இலையில என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா கேமராவுக்கு எடுத்துக் காட்டுது. இந்தா, சோத்துல நெய்ய ஊத்திப் பிசைஞ்சு, ஒரு கவளம் உருட்டி, கையை நீட்டுது பாருங்க, ஊட்டுற மாதிரி. அது எனக்கில்ல, கேமராவுக்கு. நான் பின்னாடி போறதுக்குள்ள கொண்டாந்து லென்ஸ்லயே வச்சிருச்சு. படம் மங்குதுல்ல? நெய். நெய்யும் பருக்கையும். அதைத் துடைக்க நான் என்ன பாடுபட்டேன்! அப்பேர்ப்பட்ட அசிங்கத்தை, மங்கலோடயே, அப்படியே விட்டு வச்சிருக்கா.

முடிஞ்சிருச்சு சார், அம்புட்டுத்தான். குடுங்க. எதுக்குத் திரும்ப முதல்ல இருந்து போடுறீங்க? சார், கண்டக்டர் உங்களத்தான் பாக்குறார். கிருஷ்ணன்கோவில் வந்திருச்சு, நீங்க இறங்குற இடம். பெட்டியை எடுத்துக்கோங்க.

சார். போனைக் குடுங்க சார்.